கல்லும் கயிறும் மூடிகளும்: இக்காலச் சிற்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இக்காலச் சிற்பக் கண்காட்சி ஒன்றுக்கு யாரையாவது அழைத்துப் போனால் பத்து நிமிடத்துக்குள் முதல் கேள்வி வந்துவிடும். பெரும்பாலும் அது கேள்வி மாதிரியே இருக்காது, அலுப்பு மாதிரி இருக்கும்: “இதில் என்ன இருக்கிறது?” கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் கேள்விகள் மனப்பாடமாகிவிட்டன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் சிற்பி இல்லை. களிமண்ணிலும் பிளாஸ்டரிலும் கொஞ்சம் கையை அழுக்காக்கிக்கொண்டவன், அவ்வளவுதான்.

சிற்பம் என்றால் கல்லில் செதுக்குவதுதானே?

அது ஒரு வழி. கல்லிலும் மரத்திலும் வேண்டாததை எடுக்கிறோம். களிமண்ணிலும் மெழுகிலும் சேர்த்துச் சேர்த்து உருவாக்குகிறோம். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்க்கிறோம். இந்த மூன்றும் மிகப் பழையவை. துண்டுகளை வெட்டி, ஒட்டி, பற்றவைத்து இணைக்கும் நான்காவது வழி, 1912 வாக்கில் பிக்காசோ அட்டையை வெட்டி ஒட்டி ஒரு கித்தார் செய்த பிறகுதான் கலையில் தலையெடுத்தது. இன்று பார்க்கும் பாதிச் சிற்பங்கள் அந்த நான்காவது வழியில் வந்தவை.

எந்த வழி என்பது சிற்பியின் மனநிலையையே மாற்றிவிடும். கல்லில் மூக்கு உடைந்தால் உடைந்ததுதான். களிமண் என்றால் இரவில் ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, காலையில் வந்து வேறு மூக்கு வைக்கலாம்.

இதையெல்லாம் சிற்பம் என்று யார் ஒத்துக்கொண்டது?

ஒரு நீதிமன்றம்! கான்ஸ்டன்டின் பிராங்குசி செய்த ‘வெளியில் பறவை’ என்ற வெண்கலச் சிற்பம் 1926-இல் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியது. மெலிந்து, நீண்டு, பளபளவென்று மேலே எழும் ஒரு வடிவம். சிறகு இல்லை, அலகு இல்லை. கலைப்பொருளுக்குச் சுங்க வரி கிடையாது. ஆனால் இதில் பறவை எங்கே என்று பார்த்த அதிகாரிகள், சமையலறைச் சாமான், மருத்துவமனைப் பொருட்கள் அடங்கிய வகையில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். வழக்கு 1928-இல் பிராங்குசி பக்கம் தீர்ப்பானது. எதைப் போலவும் இல்லாத ஒன்றும் சிற்பமாக இருக்கலாம் என்று சட்டமே ஏற்றுக்கொண்ட சம்பவம் அது. அதற்கப்புறம் ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகிவிட்டது. கேள்வி மட்டும் இன்னும் ஓயவில்லை.

சிற்பி முதலில் யோசிப்பது வடிவத்தையா, பொருளையா?

எனக்குப் பிடித்த சிற்பிகள் பெரும்பாலும் பொருளிலிருந்துதான் கிளம்புகிறார்கள். ‘இந்தப் பொருள் என்ன செய்யும்? எதற்கு மறுக்கும்?’ என்ற கேள்வியை அதனிடமே கேட்கிறார்கள்.

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா (1938–2024) 1967-இல் இரண்டு தாள்களில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதினார். உருட்டு, மடி, சுருட்டு, கிழி, தெளி, தொங்கவிடு என்று நீளும் வினைச்சொற்கள். என்ன உருவம் செய்வது என்பதை விட்டுவிட்டு, ஒரு பொருளை என்னென்ன செய்து பார்க்கலாம் என்பதற்குத் தனக்குத்தானே எழுதிக்கொண்ட வேலைப்பட்டியல் அது. அடுத்த ஆண்டு, உருக்கிய ஈயத்தைக் கரண்டியில் மொண்டு சுவரும் தரையும் சேரும் மூலையில் வீசினார். அது தெறித்து உறைந்த கோலமே சிற்பம். ‘தெளி’ என்ற சொல் அப்படியே உலோகமானது.

1969-இல் செய்ததைப் பாருங்கள். நான்கு சதுர ஈயத் தகடுகள், ஒவ்வொன்றும் 500 பவுண்டு எடை. சீட்டுக்கட்டு வீடு கட்டுவது போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பற்றவைப்பு இல்லை, ஆணி இல்லை. நாலும் ஒன்றையொன்று தாங்குவதால் மட்டுமே நிற்கின்றன. பக்கத்தில் போனால் கால் தானாக ஓர் அடி பின்வாங்கும். அந்த ஓர் அடிதான் சிற்பம் என்று நான் சொல்வேன். எடையைப் பற்றி நம் உடம்புக்கு ஏற்கனவே தெரிந்திருப்பதைச் செர்ரா தட்டி எழுப்புகிறார்.

பொருளே வடிவத்தைச் சொல்லும் என்கிறீர்களே, கொஞ்சம் விளக்க முடியுமா?

இத்தாலியச் சிற்பி ஜியூசெப்பே பெனோனே இதற்கு மிகச் சரியான ஆள். மர அறுவைப் பட்டறையிலிருந்து வரும் சாதாரண உத்திரக்கட்டை ஒன்றை எடுத்துக்கொள்கிறார். நாலு பக்கமும் சமமாக அறுத்த, வீடு கட்டப் போடும் கட்டை. அதன் முனையில் வருட வளையங்கள் தெரிகின்றன, பக்கங்களில் கணுக்கள் தெரிகின்றன. கணு என்பது ஒரு காலத்தில் கிளை கிளம்பிய இடம். அவர் ஒரே ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டை நெடுக அந்த வளையத்தை மட்டும் பின்தொடர்ந்து வெளிமரத்தைச் செதுக்கி எடுக்கிறார். கணு வரும் இடத்தில் உளி சுற்றிப் போகிறது, கிளை மிஞ்சுகிறது. கடைசியில் கட்டைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய இளமரம் வெளியே வருகிறது. அந்த மரமே பல வருடங்களுக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே. அடியில் கொஞ்சம் கட்டையைச் செதுக்காமல் விட்டுவிடுவார், எதிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரிய வேண்டுமே.

லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ள ‘பன்னிரண்டு மீட்டர் மரம்’ (1980–82) இந்த முறையில் வந்தது. இதில் அவர் வடிவத்தைக் கற்பனை செய்யவே இல்லை. வளையத்தைத் தேர்ந்தெடுத்ததும், அதை விட்டு விலகாமல் போகும் பொறுமையும்தான் அவருடையவை.

1968-இல் அவர் இதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தார். தன் கையை உலோகத்தில் வார்த்து, ஓர் இளமரத்தின் தண்டைப் பிடித்திருப்பது போலப் பொருத்திவிட்டு விலகிவிட்டார். மரம் வளர்ந்துகொண்டே போனது, கை பிடித்த இடத்தைத் தவிர. பட்டை மெல்ல மெல்ல அந்தக் கையை விழுங்கியது. அதன்பின் மிச்ச வேலையைச் செய்த சிற்பி மரம்தான்.

துருப்பிடித்த இரும்பை ஏன் பொது இடத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள்? பெயின்ட் அடிக்கக் கூடாதா?

அது பராமரிக்காமல் விட்ட துரு இல்லை. செம்பு, குரோமியம் போன்றவை சிறிதளவு கலந்த எஃகு அது, கோர்டென் என்ற பெயரில் புழங்குகிறது. சாதாரண இரும்பில் துரு செதில் செதிலாக உதிர்ந்து உள்ளே உள்ளே அரிக்கும். கோர்டெனில் மேல்துரு இறுகிப் படிந்து, கீழே உள்ள உலோகத்துக்குக் கவசமாகிவிடும். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட வேண்டும். தண்ணீர் தேங்கியே நின்றால் இதுவும் அரிக்கும். முதல் சில வருடம் கீழே உள்ள தரையில் ஆரஞ்சு நிறக் கறை ஒழுகும் என்பதை வாங்குகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்பெயினின் பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் செர்ராவின் பிரம்மாண்டமான வளைவுச் சுவர்கள் 2005 முதல் நிரந்தரமாக இருக்கின்றன. சுவர்கள் மேலே போகப் போகச் சாய்கின்றன, நடைபாதை குறுகி, அகன்று, மறுபடி குறுகுகிறது. அதே செர்ரா 1981-இல் நியூயார்க்கில் அரசு அலுவலகச் சதுக்கம் ஒன்றின் குறுக்கே 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் ‘சாய்ந்த வளைவு’ என்ற எஃகுச் சுவரை நிறுத்தினார். தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த ஊழியர்கள் பலருக்கு எரிச்சல். பொது விசாரணை நடந்தது. வேறு இடத்துக்கு நகர்த்தலாமே என்றபோது, இந்த இடத்துக்காகவே செய்தது, நகர்த்தினால் அழித்த மாதிரி என்றார் செர்ரா. 1989-இல் துண்டுபோட்டு எடுத்துவிட்டார்கள். சிற்பமாக அது பெரிய படைப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் தினமும் அந்தப் பக்கம் போய்வர வேண்டியிருந்தவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

கயிறு, துணி, வலை இதெல்லாம் கைவினைதானே? சிற்பம் எப்படி ஆகும்?

ஆகும் என்று நிரூபித்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி (1949–2015). சணல் கயிற்றைச் சாயம் தோய்த்து, ஆயிரக்கணக்கான முடிச்சுகளாகக் கையால் போட்டே ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களைச் செய்தார். ‘யக்ஷி’, ‘பசந்தி’ போன்றவை அவற்றின் பெயர்கள். பார்த்தால் தெய்வமா, பூவா, உடலா என்று சொல்ல முடியாது. முன்கூட்டி வரைபடம் போட்டுக்கொள்வதில்லை. முடிச்சு எங்கே இறுகுகிறதோ அங்கே இடுப்பு, எங்கே தளர்கிறதோ அங்கே மடிப்பு. கல் தன் எடையால் நிற்கிறது. கயிறோ தன் எடையால் தொங்குகிறது. அந்தத் தொய்வையே அவர் தசை மாதிரி பயன்படுத்தினார். பிற்காலத்தில் சுடுமண்ணுக்கும் வெண்கலத்துக்கும் போனார். 2019-இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகத்தில் அவருடைய மொத்த வாழ்நாள் படைப்புகளையும் திரட்டிக் காட்டினார்கள். அவர் போய் நாலு வருடம் கழித்து.

வலை என்றால் ஜேனட் எக்கல்மன். ஓவியராக 1997-இல் மாமல்லபுரம் வந்தார். அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. சரி, சிற்பம் செய்யலாம் என்று வெண்கல வார்ப்பில் இறங்கினார். கனமும் செலவும் கட்டுப்படியாகவில்லை. ஒரு மாலை கடற்கரையில் மீனவர்கள் வலைகளைக் குவித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கனமே இல்லாமல் கனபரிமாணம்! அங்கிருந்து கிளம்பியதுதான் இன்று நகரங்களின் மேலே காற்றில் அசையும் அவருடைய ராட்சத வலைகள்.

குப்பையிலும் பாத்திரத்திலும் செய்வது வெறும் கவர்ச்சி இல்லையா?

சில நேரம் ஆமாம். பழைய சாமானை ஒட்டிவைத்து ‘மறுசுழற்சி’ என்று எழுதிவிட்டால் கலை ஆகிவிடாது. பொருள் தன் கதையை உள்ளே கொண்டுவருகிறதா என்று பாருங்கள்.

கானாவில் 1944-இல் பிறந்து நைஜீரியாவின் இன்சுக்காவில் பல்லாண்டு பாடம் நடத்திய எல் அனட்சுய், மது பாட்டில்களின் அலுமினிய மூடிகளையும் கழுத்துப் பட்டைகளையும் தட்டி, மடித்து, முறுக்கி, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோக்கிறார். உதவியாளர்கள் பலர் சேர்ந்து மாதக்கணக்கில் செய்யும் வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் சரிகை நெய்த பட்டு மாதிரி சுவர் முழுக்க வழிகிறது. கிட்டே போனால் ஒவ்வொரு மூடியிலும் மதுக் கம்பெனியின் பெயர் தெரிகிறது. ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மது ஒன்று, அதே வியாபாரத்தில்தான் மனிதர்களும் விலைபோனார்கள். பட்டு என்று நினைத்துக் கிட்டே போகிறவருக்கு அந்த வரலாறு முகத்தில் இடிக்கிறது.

இன்னொன்று: இப்படித்தான் தொங்கவிட வேண்டும் என்று அவர் கட்டளை போடுவதில்லை. மடிப்பை அங்கங்கே உள்ளவர்களே முடிவு செய்யலாம். அதனால் ஒரே சிற்பம் இரண்டு ஊரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலே 2015-இல் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை அவருக்குக் கொடுத்தது.

சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களைக் குவித்து மண்டையோடும் அணுகுண்டுப் புகைக்காளானும் செய்திருக்கிறார். பளபளப்பு முதலில் கண்ணைப் பறிக்கும், அப்புறம் வயிற்றைப் பிசையும். டோனி க்ராக் 1970-களின் கடைசியில் பொறுக்கிய பிளாஸ்டிக் துண்டுகளை நிறவாரியாகத் தரையில் பரப்பினார். சிற்பியாகும் முன் அவர் ரப்பர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். பொருளை ஓர் ஆய்வாளராகப் பார்க்கும் பழக்கம் அவரை விடவே இல்லை.

வெறும் ஓட்டையும் வெற்றிடமும் எப்படிச் சிற்பமாகும்?

ரேச்சல் வைட்ரீட் இதற்கு மிக எளிய பதில் வைத்திருக்கிறார்: வெற்றிடத்தையே வார்த்துவிடுவது. நாற்காலிக்கு அடியில் உள்ள காற்று, அலமாரிக்குள் உள்ள இருட்டு, இவற்றை அச்சாக வைத்துப் பிளாஸ்டரோ ரெசினோ (இறுகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகும் திரவம்) ஊற்றுகிறார். 1990-இல் ஓர் அறையின் உட்புறம் முழுவதையும் பிளாஸ்டரில் வார்த்தார். அதில் கணப்படுப்பு வெளியே பிதுங்கி நிற்கும், மின்விளக்குச் சுவிட்ச் உள்ளே குழியாக இருக்கும். எல்லாம் தலைகீழ்.

1993-இல் கிழக்கு லண்டனில், இடிக்கவிருந்த ஒரு வரிசையில் மிஞ்சிய கடைசி வீட்டுக்குள் கான்கிரீட் அடித்து, வெளிச்சுவர்களை உரித்து எடுத்தார். வீடு போய் வீட்டுக்குள் இருந்த இடம் மட்டும் கெட்டியாக நின்றது. அதே ஆண்டு, பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1994 ஜனவரியில் நகராட்சி அதை இடித்துத் தள்ளியது.

அனிஷ் கபூர் வேறு வழியில் போகிறார். அவருடைய ‘லிம்போவுக்குள் இறக்கம்’ தரையில் ஒரு வட்டக் குழி. உள்ளே கறுப்பு நிறம் பூசியிருப்பதால் குழியா, தரையில் விரித்த கறுப்புக் கம்பளமா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 2018-இல் போர்ச்சுகலின் போர்ட்டோவில் பார்வையாளர் ஒருவர் உண்மையிலேயே அந்த இரண்டரை மீட்டர் ஆழத்தில் விழுந்து மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

சிற்பி தன் கையால் செய்யாவிட்டால் அது அவருடைய சிற்பமா?

இந்தக் கேள்வியில் ஒரு கோபம் இருக்கும், புரிகிறது. ஆனால் வெண்கல வார்ப்பில் பட்டறைக்காரர்களின் கை எப்போதுமே இருந்திருக்கிறது. 1964 முதல் டொனால்ட் ஜட் தன் பெட்டி வடிவங்களைத் தகடு வேலைக்காரர்களிடம் கொடுத்துச் செய்துகொண்டார். விரல் அடையாளமே தெரியக் கூடாது என்பது அவர் நோக்கம், அதற்கு அதுதான் சரியான வழி. சிகாகோவில் உள்ள கபூரின் ‘முகில் வாயில்’ 168 எவர்சில்வர் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்பு தெரியாமல் தேய்த்துத் தேய்த்து 2006-இல் முடித்தது. எடை ஏறக்குறைய 100 டன். ஒரு மனிதன் தனியாகச் செய்யக்கூடியதா?

யார் தொட்டார்கள் என்பதைவிட யார் முடிவெடுத்தார்கள் என்று கேட்பேன். ஆனால் செய்தவர்களின் பெயரைச் சுவரில் எழுதுவதில் என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரே வெண்கலச் சிற்பம் பல இடங்களில் இருக்கிறதே, எது அசல்?

எல்லாமே அசலாக இருக்கலாம். ஒரே அச்சிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கை வார்த்து எண் போடுவார்கள். பிரான்சில் எட்டு எண்ணிட்ட பிரதிகளும் சிற்பிக்கான நான்கும், ஆக பன்னிரண்டு வரை அசலாகக் கணக்கு. லூயிஸ் பூர்ஷுவாவின் ‘மாமன்’ (பிரெஞ்சில் ‘அம்மா’) என்ற ஒன்பது மீட்டர் உயரச் சிலந்தி 1999-இல் எஃகில் வந்தது, பிறகு வெண்கலத்தில் வார்த்து பல நாடுகளுக்குப் போனது. அவர் தாய் பழைய திரைச்சீலைகளைச் செப்பனிட்டவர். அதனால் அவர் கண்ணில் சிலந்தி பயப்பட வேண்டிய பூச்சி இல்லை, கிழிந்ததைத் தைக்கும் அம்மா.

அழிந்துபோகும் பொருளில் ஏன் செய்கிறார்கள்?

காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஈவா ஹெஸ் (1936–1970) லேடெக்ஸ் ரப்பரில் செய்தார், அது நிலைக்காது என்று தெரிந்தே. புதிதில் தோல் போல ஒளி ஊடுருவும் மஞ்சள் இன்று பழுப்பாகி, உடையும் பதத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய ‘விரிந்த விரிவு’ என்ற 1969 படைப்பைப் பல்லாண்டு உள்ளேயே வைத்திருந்து, நீண்ட ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் பிறகு 2022-இல்தான் வெளியே எடுத்தது.

ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரெஸ் 1991-இல் எய்ட்ஸால் இறந்த தன் துணைவரின் உருவப்படமாக மிட்டாய்க் குவியல் ஒன்றை வைத்தார். குறித்த எடை 175 பவுண்டு. வருகிறவர்கள் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். குவியல் கரைகிறது, மறுபடி நிரப்புகிறார்கள். மிட்டாயை வாயில் போட்ட பிறகுதான் எதைத் தின்கிறோம் என்று உறைக்கும். பொருளும் அர்த்தமும் இத்தனை இறுக்கமாகச் சேர்ந்த இன்னொரு படைப்பை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

முப்பரிமாண அச்சும் இயந்திரக் கையும் வந்த பிறகு உளிக்கு வேலை உண்டா?

உண்டு. பளிங்குப் பட்டறைகளில் கணினி சொன்னபடி குடையும் இயந்திரக் கை முரட்டு வேலையை வேகமாக முடித்துவிடுகிறது. கடைசி மேற்பரப்பை இன்னும் பெரும்பாலும் மனிதர்கள்தான் செய்கிறார்கள்.

தொட்டுப் பார்க்கலாமா?

அறிவிப்பு இருந்தால் மட்டும். கைவியர்வை வெண்கலத்தின் மேற்பூச்சைக் கெடுக்கும், பளிங்கில் கறை ஏறும். அதற்குப் பதிலாக ஒரு சுற்று நடங்கள், உட்கார்ந்து பாருங்கள், பின்பக்கத்தை மறக்காமல் பாருங்கள். ஆண்டனி கோர்ம்லியின் நூறு வார்ப்பிரும்பு மனிதர்கள் நிற்கும் இங்கிலாந்தின் கிராஸ்பி கடற்கரையில் இந்தத் தொல்லை இல்லை. அலை தினமும் தொட்டுவிட்டுத்தான் போகிறது. பல உருவங்களின் மேல் கடற்சிப்பிகள் ஒட்டி வளர்ந்துவிட்டன.

நானே செய்து பார்க்க ஆசை. எதில் ஆரம்பிப்பது?

களிமண். மலிவு, மன்னிக்கும் குணம் உள்ளது. அப்புறம் பிளாஸ்டர். என் முதல் வார்ப்பில் அச்சின் உட்புறம் சோப்புக் கரைசல் தடவ மறந்துவிட்டேன். பதினைந்து நிமிடத்தில் இறுகியது, கையால் தொட்டால் சூடு. அச்சும் வார்ப்பும் ஒரே கட்டியாகிவிட்டன, சுத்தியலால்தான் பிரித்தேன். அந்தச் சூடு விளையாட்டில்லை: பிளாஸ்டர் இறுகும்போது கையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடும். கிரானைட் போன்ற கல்லைச் செதுக்கினால் நீர் தெளித்து வேலை செய்யுங்கள், முகமூடி கட்டாயம். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். ரெசின் என்றால் காற்றோட்டம் இல்லாத அறையில் தொடவே வேண்டாம்.

வாளியில் மிஞ்சிய பிளாஸ்டரைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் அது தண்ணீரிலும் இறுகும். வாளியிலேயே காயவிட்டு, பக்கத்தைத் தட்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள். வளையும் ரப்பர் வாளியாக இருந்தால் வேலை சுலபம்.